கொம்பியூட்டர் பிழையான கணக்குச் சொன்னால், உடனே கடைக்கு ஓடாதேங்கோ

நோர்பரி லண்டன் ரோட்டில் போனும் லப்டொப்பும் திருத்துற கடைகளுக்குக் குறைவில்லை. நல்ல கடைகளும் இருக்கு. ஆனால் "16 ஜி.பி. மெமரி போட்டனான், இது இன்னும் 8 என்றுதான் சொல்லுது", "புது எஸ்.எஸ்.டி. போட்டும் பழைய மார்க்தான் வருது" என்று லப்டொப்பைக் கக்கத்தில் வைச்சுக்கொண்டு 109 பஸ் ஏற முதல், இதை ஒருக்கா வாசியுங்கோ. கனக்கச் சந்தர்ப்பங்களில் பாகத்தில் ஒரு பழுதும் இருக்கிறதில்லை. கொம்பியூட்டர் தன்னைப்பற்றி எப்பவோ எழுதி வைச்ச குறிப்பைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்குது. அதைப் புதுசா எழுத வைச்சால் அலுவல் முடிஞ்சுது.

எழுதுறது ஆர் என்று முதல் தெரிஞ்சுகொள்ளுங்கோ. விண்டோஸுக்குள் வின்சாட் என்று ஒரு மதிப்பீட்டுக் கருவி இருக்கு. 2007 தொடக்கத்தில் விண்டோஸ் விஸ்டாவோட கடைக்கு வந்தது. புரோசசர், மெமரி, சாதாரண கிராபிக்ஸ், விளையாட்டுக்கான கிராபிக்ஸ், ஹார்ட் டிஸ்க் என்று ஐந்தையும் சோதிச்சு மார்க் போடும். விஸ்டாவில் ஆகக் கூடியது 5.9, விண்டோஸ் 7-இல் 7.9, விண்டோஸ் 8-இல் 9.9. மொத்த மார்க் என்று காட்டுறது சராசரி இல்லை. ஐந்து பாடத்திலும் ஆகக் குறைஞ்ச பாடத்தின் மார்க்தான். அதனால் மெமரியை இரட்டிப்பாக்கினாலும், பழைய ஹார்ட் டிஸ்க் 5.9-இல் நிண்டால் மொத்தமும் அங்கேயேதான் நிக்கும். இது தெரியாமல் மெமரி விற்றவரோட சண்டைக்குப் போனவையும் இருக்கினம்.

2013-இல் வந்த விண்டோஸ் 8.1-இல் இந்த மார்க் பக்கத்தை மைக்ரோசொஃப்ட் எடுத்துவிட்டது. பக்கம்தான் போனது, கருவி விண்டோஸ் 10-இலும் 11-இலும் உள்ளே கிடக்கு. சரி, அலுவலுக்கு வருவம்.

1. முதல் ரீஸ்டார்ட். ஷட் டவுன் இல்லை.
"நிப்பாட்டிப் போட்டுத்தானே திரும்பவும் போட்டனான்" என்று சொல்லாதேங்கோ. விண்டோஸ் 8-இல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்நிலையை டிஸ்கில் எழுதி வைச்சுவிட்டுத் தூங்கும். எழும்பும்போது அதையே எடுத்து விரிக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாத்தையும் புதுசா எண்ணும். பாதிக் கேஸ் இதிலேயே முடிஞ்சுபோகும்.

2. மதிப்பீட்டைத் திரும்ப ஓட்டுங்கோ.
சார்ஜரைச் செருகுங்கோ. பற்றரியில் வின்சாட் ஓடாது. முகத்துக்கு நேரே மாட்டன் என்று சொல்லும். யூடியூப், படம், வைரஸ் ஸ்கேன் எல்லாத்தையும் மூடுங்கோ. ஸ்டார்ட்டில் சி-எம்-டி என்று அடிச்சால் கொமாண்ட் ப்ரொம்ப்ட் வரும். அதில் ரைட் கிளிக் பண்ணி 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கோ. சும்மா திறந்தால் வேலை செய்யாது. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் டபிள்யூ-ஐ-என்-எஸ்-ஏ-ரி என்று ஆங்கிலத்தில் அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, எஃப்-ஓ-ஆர்-எம்-ஏ-எல் என்று அடிச்சு என்டர் தட்டுங்கோ. ஸ்கிரீன் மினுங்கும், ஃபேன் இரையும். பயப்படாமல் போய்த் தேத்தண்ணி ஊத்துங்கோ. வேறொரு கொம்பியூட்டரில் இருந்து ரிமோட்டாக நுழைஞ்சு இதை ஓட்டாதேங்கோ, கிராபிக்ஸ் கணக்குப் பிழைச்சுப்போகும்.

3. அப்பவும் பழைய கதையைத்தான் சொல்லுதா?
சி டிரைவுக்குள் விண்டோஸ், அதுக்குள் பெர்ஃபோமன்ஸ், அதுக்குள் வின்சாட், அதுக்குள் டேட்டாஸ்டோர் என்று ஒரு ஃபோல்டர். திகதியும் நேரமும் பேரில் இருக்கிற எக்ஸ்.எம்.எல். ஃபைல்கள் அங்கே கிடக்கும். அதுகள்தான் அந்தப் பழைய குறிப்பு. டெஸ்க்டொப்பில் ஒரு கொப்பி எடுத்து வைச்சுவிட்டு அங்கே உள்ளதை அழியுங்கோ; பிறகு இரண்டாம் படியைத் திரும்பச் செய்யுங்கோ. அந்த எக்ஸ்.எம்.எல்.-ஐத் திறந்து மார்க்கைக் கையால் திருத்திவிட்டுச் சந்தோசப்படுற ஆக்களும் இருக்கினம். கொம்பியூட்டர் ஒரு துளியும் வேகமாகாது.

விண்டோஸ் 7 வைச்சிருக்கிறவைக்கு மட்டும் ஒரு சொல்: வீடியோப் பகுதியை அளக்க முடியேல்லை என்று வந்தால், படம் பார்க்கவென்று இறக்கின கோடெக் பொதிகளை அகற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கோ. அதோட, அந்த விண்டோஸில் பாங்க் அலுவல் பார்க்கிறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

4. எஸ்.எஸ்.டி.யை ஹார்ட் டிஸ்க் என்று சொல்லுதா?
இதைக் கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ, ஏனென்றால் இதுதான் உண்மையிலேயே கெடுதல் செய்யக்கூடியது. பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அப்படியே குளோன் பண்ணிப் புது எஸ்.எஸ்.டி.யில் போடுறம். அப்போது விண்டோஸின் பழைய குறிப்பும் சேர்ந்தே வந்துவிடும். ஸ்டார்ட்டில் 'டிஃபிராக்' என்று தேடினால் டிரைவ்களை ஒப்டிமைஸ் பண்ணுற ஜன்னல் வரும். அதில் 'மீடியா டைப்' என்ற வரிசையைப் பாருங்கோ. 'சொலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்கவேணும். 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்' என்று இருந்தால், எஸ்.எஸ்.டி.க்குத் தேவையான ட்ரிம் வேலையைச் செய்யாமல், சுழலுற டிஸ்குக்குச் செய்யுற மாதிரித் துண்டுகளை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருக்கும். எஸ்.எஸ்.டி.க்கு அது வீண் எழுத்து, ஆயுள் குறையும்.

மருந்து மேலே சொன்ன இரண்டாம் படிதான். வின்சாட்டை ஒருக்கா முழுசா ஓட்டி, ரீஸ்டார்ட் கொடுத்து, திரும்ப அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கோ. பெரும்பாலும் பேர் மாறியிருக்கும். மாறும் மட்டும் 'ஒப்டிமைஸ்' பட்டனில் கை வைக்காதேங்கோ. கிழமைக்கு ஒருக்கா தானாக ஓடுற ஏற்பாட்டையும் நிப்பாட்டி வையுங்கோ.

யூ.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டுச் செருகின டிஸ்க் என்றால் கதை வேறு. பெட்டிக்குள் இருக்கிற சின்னச் சிப்பின் பேரைத்தான் அது கனதரம் சொல்லும். டிஸ்க் மாறிப்போச்சு, கடைக்காரர் ஏமாத்திப்போட்டார் என்று அவசரப்பட்டு ஆரையும் திட்டாதேங்கோ.

5. மெமரி குறையக் காட்டுதா?
கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கோ. டாஸ்க் மனேஜர் வரும். 'பெர்ஃபோமன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைத் தட்டினால் எத்தனை ஸ்லொட், அதில் எத்தனை நிரம்பியிருக்கு, எவ்வளவை ஹார்ட்வேர் எடுத்து வைச்சிருக்கு எல்லாம் அங்கே இருக்கும். இனி ஒவ்வொன்றாகப் பாருங்கோ.

• 8 போட்ட இடத்தில் 7.8 பாவிக்கலாம் என்று காட்டினால் அது களவு போகேல்லை. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப் படம் காட்டுறதுக்கு மெமரியில் ஒரு பங்கை எடுக்கும்.

• 8 போட்டும் மூன்றேகால், மூன்றரையில் நிண்டால், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' போய் 'சிஸ்டம் டைப்' பாருங்கோ. 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் காணாது. இதுக்கு இன்னும் மெமரி வாங்கிப் போடுறது தண்ணியில் போட்ட காசு. 64 பிட் விண்டோஸைப் புதுசாகப் போடவேணும். அதே பதிப்பென்றால் இருக்கிற லைசன்ஸ் காணும். படங்களையும் பைல்களையும் முதல் கொப்பி எடுத்து வையுங்கோ.

• எம்-எஸ்-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று ஸ்டார்ட்டில் அடியுங்கோ. 'பூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்'. அங்கே 'மக்ஸிமம் மெமரி', 'நம்பர் ஒஃப் ப்ரொசெசர்ஸ்' இரண்டு பெட்டியும் வெறுமையாக இருக்கவேணும். "வேகமாக்குவது எப்படி" என்று வீடியோவில் ஆரோ ஒரு தம்பி சொன்னதைக் கேட்டு அதில் டிக் போட்டிருப்பீங்கள். அதுகள் கூட்டுறதுக்கு இல்லை, குறைக்கிறதுக்கு. டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

• இதெல்லாம் சரியென்றால்தான் மூடியைத் திறக்கிறது. சார்ஜரைக் கழற்றி, பற்றரி இணைப்பையும் எடுத்து, பவர் பட்டனைக் கொஞ்சநேரம் அமத்திப் பிடியுங்கோ. கம்பளம் விரிச்ச அறையில் சொக்ஸோட நிண்டு செய்யாதேங்கோ. லண்டன் குளிரில் விரல் நுனியில் கரண்ட் அடிக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே, அது மெமரிக்கும் அடிக்கும். மெமரித் துண்டைக் கழற்றி, சரிவாக வைச்சு, பொன்னிறப் பல் கிட்டத்தட்ட மறையும் மட்டும் உள்ளே தள்ளி, பிறகு கீழே அமத்துங்கோ. இரண்டு பக்கக் கொளுக்கியும் டிக் என்று பூட்டவேணும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் அந்தத் துண்டே கணக்கில் வராது.

• வாங்க முதல் பார்க்கவேண்டியது: டாஸ்க் மனேஜரில் 'ஃபோம் ஃபாக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மெமரி போர்டோட ஒட்டினது. ஸ்லொட் இருக்கு என்று பக்கத்தில் எண் காட்டினாலும் அதை நம்பி மெமரித் துண்டு வாங்காதேங்கோ. மொடல் பேரைப் போட்டுக் கம்பெனியின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கோ.

6. கிராபிக்ஸ் கார்ட்.
'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று பேர் காட்டினால் கார்ட் பழுது இல்லை, டிரைவர்தான் இல்லை. லப்டொப் செய்த கம்பெனியின் தளத்தில் இருந்தோ, இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா தளத்தில் இருந்தோ இறக்குங்கோ. இரண்டு கிராபிக்ஸ் உள்ள லப்டொப்பில் மதிப்பீடு சில நேரம் சின்னதைச் சோதிச்சுவிட்டு மார்க்கைக் குறைச்சுப் போடும். டாஸ்க் மனேஜரில் இரண்டும் தெரிஞ்சால் நிம்மதியாக இருங்கோ. 8 ஜி.பி. கார்டை 4 என்று சில கருவிகள் காட்டும். அந்த எண்ணை எழுதி வைக்கிற இடம் 32 பிட், அதுக்கு மேல் அதுக்கு எண்ணத் தெரியாது. டாஸ்க் மனேஜரில் 'டெடிகேட்டட் ஜி.பி.யூ. மெமரி' சொல்லுறதை நம்புங்கோ.

7. புரோசசர் நத்தையாகப் போச்சுதா?
2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று வாங்கினது. டாஸ்க் மனேஜர் 0.4, 0.8 என்று காட்டுது, எவ்வளவு வேலை கொடுத்தாலும் ஏறவில்லை. மதிப்பீட்டு மார்க்கும் விழுந்துபோச்சு. வைரஸ் என்று நினைச்சு விண்டோஸையே அழிச்சுப் போடுவினம். முதலில் சார்ஜரைப் பாருங்கோ பிள்ளை! சில லப்டொப்கள் சார்ஜரை "நீ ஆர், எத்தனை வாட்" என்று விசாரிக்கும். முனையின் நடுவில் இருக்கிற மெல்லிய ஊசி அந்தப் பதிலுக்குத்தான். ஊசி வளைஞ்சாலோ, மலிவுக்கு வாங்கின வேற சார்ஜர் என்றாலோ பதில் வராது. லப்டொப் பயந்துபோய் வேகத்தைக் கட்டிவைக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் பாருங்கோ. வேகம் ஏறினால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். ஏறாவிட்டால் பவர் செட்டிங்கையும் ஃபேன் தூசியையும் பாருங்கோ.

8. பிழை மாதிரித் தெரியும், பிழையில்லை.
• 1 டெராபைட் டிஸ்க் 931 ஜி.பி. என்று காட்டும். 500 என்றது 465. 256 என்றது 238. விற்கிறவர் ஆயிரத்தால் பெருக்குறார், விண்டோஸ் 1024-ஆல் பிரிக்குது. இதுக்குக் கடையில் சத்தம் போட்டால் வெட்கப்பட்டு வரவேணும்.
• 3200 மெமரியை சி.பி.யூ.-இசட் என்ற கருவி 1600 என்று காட்டும். ஒரு துடிப்புக்கு இரண்டு தரம் தரவு அனுப்புற மெமரி அது. 1600-ஐ இரண்டால் பெருக்குங்கோ.
• டாஸ்க் மனேஜரிலேயே 3200-க்குப் பதிலாக 2133 என்று இருந்தால் அது வேறு. டெஸ்க்டொப் என்றால் பயோஸில் (விண்டோஸுக்கு முன்னம் வாற செட்டிங் பக்கத்தில்) மெமரியை முழு வேகத்தில் ஓட்டுற எக்ஸ்.எம்.பி.யைப் போடேல்லை. வேகம் குறைஞ்ச பழைய துண்டோட சேர்த்துப் போட்டாலும் புதியது அதோட சேர்ந்து மெதுவாகத்தான் ஓடும்.

9. "விண்டோஸ் 11 போட முடியாது" என்று சொல்லுதா?
இதுவும் ஒரு மதிப்பீட்டுக் கருவியின் வாய்தான்: பி.சி. ஹெல்த் செக். 2021 ஜூனில் விண்டோஸ் 11-ஐ அறிவிச்சபோது வந்தது. காரணம் சொல்லாமல் நல்ல மெஷின்களுக்கும் "ஏலாது" என்று சொல்லி, திட்டு வாங்கி, சில நாளிலேயே எடுக்கப்பட்டு, செப்டம்பரில் திருந்தித் திரும்ப வந்தது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிஞ்சதோட இந்தக் கேள்வி கன வீட்டுக்கு வந்துவிட்டது.

அது "ஏலாது" என்றால் காரணத்தைப் பாருங்கோ. புரோசசர் பழசு என்றால் (இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தினது) செய்ய ஒன்றுமில்லை. ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி இல்லை என்று சொன்னால் நம்பாதேங்கோ. கனதரம் இருக்கு, நிப்பாட்டி வைச்சிருக்கு. 'செட்டிங்ஸ்', 'ரெகவரி', 'அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப்' வழியாக பயோஸுக்குள் போய், இன்டெல் என்றால் பி.ரி.ரி., ஏ.எம்.டி. என்றால் எஃப்.ரி.பி.எம். என்ற பேரில் தேடி ஓன் பண்ணுங்கோ.

ஆனால் பயோஸில் கை வைக்க முதல், டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கரின் ரெகவரி கீயை, 48 இலக்கம், மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டில் இருந்து எடுத்துக் கடதாசியில் எழுதி வையுங்கோ. அந்த லப்டொப்பிலேயே சேமிச்சு வைக்காதேங்கோ, பூட்டின பெட்டிக்குள் திறப்பை வைச்ச மாதிரி. "நான் பிட்லொக்கர் போடேல்லையே" என்று சொல்லுவீங்கள். புது லப்டொப்களில் அது தானாகவே பூட்டியிருக்கும். பயோஸ் மாறினதைக் கண்டு அது கீ கேட்கலாம். கீ இல்லாட்டில் பிள்ளையின் ஜி.சி.எஸ்.இ. வேலையும், அம்மாவின் படங்களும் போயிடும்.

ஒவ்வொரு நாளும் நேரமும் திகதியும் பிழைச்சு, பயோஸில் போட்டதெல்லாம் மறந்துபோனால், போர்டில் இருக்கிற சல்லி மாதிரியான சீ.ஆர். 2032 பற்றரி செத்துப்போச்சு. சில பவுண்ஸ்தான். சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும்.

10. பாவிச்ச லப்டொப் வாங்குறீங்களோ?
இங்கே மட்டும் கொம்பியூட்டர் தானாகப் பிழை சொல்லாது, சொல்ல வைப்பினம். புரோசசரின் பேரை ரெஜிஸ்ட்ரியில் மாற்றி எழுதலாம். ஆனால் அந்த இடம் ஒவ்வொரு தரமும் பூட் ஆகும்போது புதுசாக எழுதப்படும். ஆகவே, "ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்கோ" என்று கேளுங்கோ. பயோஸ் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கோ. தயங்கினால் நீங்கள் தயங்காமல் வெளிக்கிடுங்கோ.

டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடினது என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற கருவி இலவசமாகச் சொல்லும். அதையும் அழிச்சு விற்கிறவை இருக்கினம். 2025 தொடக்கத்தில் ஜேர்மனியின் ஹைஸ என்ற செய்தி நிறுவனம் இதை வெளியில் கொண்டுவந்தது. கனகாலம் ஓடின சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கைப் பூச்சியமாக்கிக் கடைகளில் புதுசென்று விற்றிருந்தினம்; டிஸ்க்குக்குள் தனியாக இருந்த ஃபாம் என்ற பதிவேடுதான் காட்டிக்கொடுத்தது. மலிவான "2 டெராபைட்" யூ.எஸ்.பி. குச்சியை நினைச்சுக்கூடப் பார்க்காதேங்கோ. வாங்கிப் போட்டீங்களென்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் முழுசாக நிரப்பிச் சோதிக்காமல் கலியாணவீட்டு வீடியோவை அதில் போடாதேங்கோ.

இந்த நாட்டில் சட்டம் உங்கட பக்கம் கொஞ்சம் இருக்கு. 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் அக்ட்படி, வியாபாரி விற்றது சொன்னமாதிரி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம், பாவிச்ச சாமானுக்கும்தான். தனியாளிட்ட வாங்கினால் இந்த 30 நாள் கிடையாது; எண்டாலும் அவர் எழுதின விபரத்துக்குப் பொருந்தத்தான் வேணும். அதனால் காசு கொடுக்க முதல் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. விற்ற பிறகு அது மறைஞ்சுபோகும்.

செய்யவே கூடாதது
"உங்கள் ஹார்ட்வேர் பிழை, டிரைவரைப் புதுப்பிக்க இதை இறக்குங்கள்" என்று துள்ளுற சொஃப்ட்வேர் ஒன்றையும் இறக்காதேங்கோ. மைக்ரோசொஃப்டில் இருந்து கதைக்கிறன் என்று போன் வந்தால் வையுங்கோ; அவை உங்களுக்கு எடுக்கமாட்டினம். ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டாம். மார்க்கைப் பார்த்து மெஷின் வாங்கவும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் சரிவரேல்லையோ? 'ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட்' என்று லண்டனில் தொடங்கின ஒரு தொண்டமைப்பு, ஊரூராகத் திருத்துற கூட்டங்கள் நடத்துது. வேலை தெரிஞ்ச ஆக்கள் பக்கத்தில் இருந்து உங்களைக் கொண்டே திருத்த வைப்பினம். அடுத்தது எங்கே என்று அவையின் தளத்தில் பாருங்கோ. போகும்போது லப்டொப்பின் சொந்தச் சார்ஜர், எழுதி வைச்ச ரெகவரி கீ, டாஸ்க் மனேஜரில் நீங்கள் கண்ட எண்களின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கோ. பாஸ்வேர்டை மறந்துபோய் வாசலில் நிண்டு மகனுக்குப் போன் அடிக்காதேங்கோ.